கை காட்டாத பயணி

அன்பு மகள் சோராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலம் என்று தொடங்க வேண்டும், ஆகவே நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பஸ் ஓட்டுகிறேன், போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பரவாயில்லையாம். நீயும் அந்த ஆண்ட்வெர்ப் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் உன்னை மேலும் மேலும் இரவு வேலைக்குப் போடாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவின் மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன். ஜெபிக்கிறேன் என்று எழுதமாட்டேன், எனக்கு அது வராது என்று உனக்கே தெரியும், விளக்கை மட்டும் ஏற்றிவிடுகிறேன், ஏற்றாவிட்டால் உன் பவ்லினா அத்தை வந்து சத்தம் போடுவாள். உறைக்குள் சிவப்பும் வெள்ளையுமாக மார்ச் மாதம் கட்டும் நூல் இருக்கும். வருஷா வருஷம் அம்மா முறுக்குவாள், இந்த வருஷம் அத்தை முறுக்கினாள், கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கிறது, இருந்தாலும் கையில் கட்டிக்கொள்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அப்படியேதான் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறப்போடவில்லை, அத்தை தன் வீட்டிலிருந்து வாளியில் கொண்டுவந்து தருகிறாள், தரும்போதெல்லாம் இது உன் அம்மா ரெய்னா போட்டது மாதிரி வருமா என்று தானே கேட்டுத் தானே அழுகிறாள். எனக்கு அழுகை வருவதில்லை. வெங்காயம் நறுக்கும்போது ஒரு நாள் வந்தது, அது வெங்காயத்துக்கு வந்தது. கோழிகள் ஆறு இருக்கின்றன, சாம்பல் நிறக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. அம்மாவின் இரங்கல் தாளை நாற்பதாம் நாளில் புதிதாக ஒட்டினோம், என் வழியில் இருக்கும் ஒன்பது நிறுத்தங்களிலும் இருக்கிறது, இரண்டு மூன்று இடத்தில் மழையில் மை கரைந்து முகம் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன், போகிறேன். முதல் வாரம் பஸ் கம்பெனியில் வேறு வழி தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை, புதிய வழி பழக அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் வாரம் இரண்டு முறை பேசுகிறவள் காகிதத்தில் எழுதியிருக்கிறாளே, என்னவோ ஏதோ என்று பஸ் நிலையத்தில் வைத்தே பிரித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை படித்தேன். உங்கள் கோயில் இளையோர் கூட்டத்தில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, தினசரி வாழ்க்கையில் விசுவாசம் உனக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்று கேட்டார்கள், எல்லோரும் உன்னையே பார்த்தார்கள், என் அம்மாவைக் கொன்றவனை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாய், அந்தக் கிரேக்கப் பெண் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நீ அறைக்குத் திரும்பி சூப்பைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டுப் படுத்தாய், உள்ளே ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். மன்னிக்காதவள் நற்கருணை வாங்கக்கூடாது என்று அக்டோபரிலிருந்து வாங்காமல் இருக்கிறாய் என்பதையும், யாராவது கேட்டால் வெறும் வயிற்றில் வாங்க வேண்டியதை மறந்து காலையில் காபி குடித்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளிக்கிறாய் என்பதையும் படித்தேன். இருபது ஞாயிறுகளாக ஒரு பெண் காலையில் மறந்துபோய்க் காபி குடிக்கிறாள் என்று அவர்களும் நம்புகிறார்களே, நல்ல ஜனங்கள். கடைசியில், அப்பா, நான் பொய்க்காரியா, நான் கிறிஸ்தவள்தானா என்று கேட்டிருக்கிறாய். இதை அம்மாவிடம் கேட்க வேண்டியது, அவள் இல்லாததால் என்னிடம் கேட்டிருக்கிறாய் என்று புரிகிறது. முப்பது வருஷம் அவள் கோயிலுக்குள்ளே நின்று பாடும்போது வெளியே பஸ்ஸில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவனிடம் கேட்டால் என்ன சொல்வான். பதில் எனக்குத் தெரியாது. ஆனால் உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் எனக்கும் ஒன்று நடந்தது, அதைப் போனில் சொல்ல முடியாமல் வைத்திருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

போன ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு அல்லவா, மறுநாள் தவக்காலம். ரெய்னா ஒரு வருஷம்கூடத் தவறாமல் போன பூசை, வீட்டிலிருந்து ஒருவராவது போக வேண்டாமா, நீ என்ன மரக்கட்டையா என்று பவ்லினா என் கோட்டை எடுத்து என் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். பூசை முடிந்ததும் வழக்கப்படி வரிசை. நீயும் சின்ன வயதிலிருந்து நின்ற வரிசைதான், இளையவர் குனிந்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் கையை முத்தமிடுவார், பெரியவர் கடவுள் மன்னிக்கட்டும் நானும் மன்னித்தேன் என்று தலையில் கை வைப்பார், அடுத்தவர் வருவார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் ஆளாளுக்கு அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்குகிறார்கள், அதனால் தரையைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலச் சொல்லிக்கொண்டே போனேன். நாற்பது பேர் இருக்கும். கறுப்பு ஷூ, பழுப்பு ஷூ, ரப்பர் பூட்ஸ். பிறகு மரத்தூள் படிந்த ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது, மன்னிச்சிருங்க மாமா என்று குரல் வந்தது, கையில் உதடு பட்டது, கடவுள் மன்னிக்கட்டும் நானும் மன்னிச்சேன் என்று தலையில் கை வைத்தேன், முடி ஈரமாக இருந்தது. பக்கத்தில் பவ்லினா என் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பார், இன்னும் தடம் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் வெசெலின்.

பள்ளியில் உனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்த அதே வெசெலின்தான், அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை தீவனக் கடை வேனை ஓட்டிவந்து அம்மாவை இடித்தவன். இந்தப் பெயரை நான் இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதிவிட்டேன், கைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவன் அங்கேயே நின்றான், நானும் நின்றேன், வரிசை அப்படியே நின்றுபோனது. பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், நகருங்கப்பா, வீட்ல சுட்டு வச்ச பனித்சா ஆறுது என்றாள், அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அவன் நகர்ந்தான். அடுத்த ஷூ வந்தது. அதற்கும் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு பாதர் கவ்ரில், மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டச் சாவி தேடிக்கொண்டிருந்தார். சாமி, யாருன்னு பார்க்காம சொன்னது செல்லுமா என்று கேட்டேன். அவர் இரண்டு பைகளையும் தடவிக்கொண்டே, நான் என் பொண்டாட்டி மூஞ்சியைப் பார்த்துச் சொன்னதே இன்னும் செல்லலை மெத்தோதி அண்ணே, என்கிட்ட வந்து கேக்குறீங்களே என்றார். பிறகு சாவி கிடைத்ததும் என்ன நினைத்தாரோ, நீங்க சொன்னதைக் கேட்டேன், தலையில கை வச்சதைப் பார்த்தேன், அதுக்கு மேல எனக்குத் தெரியாது என்றார். சாமியாரே தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பவ்லினா ஆடத் தொடங்கினாள். கழுவுற மீன்ல நழுவுற மீன்டா அவன், நீ குனிஞ்சிட்டு நிக்கிறது தெரிஞ்சுதான் வந்தான், நாளைக்கே அவங்க அம்மா வீட்டுக்குப் போய் அது செல்லாதுன்னு நானே சொல்லிட்டு வரேன் என்றாள். விடு என்றேன். உனக்கு உடம்புல ரத்தம் ஓடுதா தண்ணி ஓடுதா, கட்டின பொண்டாட்டிடா என்று முட்டையை உரித்து என் தட்டில் போட்டாள். முட்டையைத் தின்றேன், அன்றைய இரவுக்கு வழக்கமான அல்வாவையும் தின்றேன். கோபமாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. திங்கட்கிழமை காலை முதல் நடையிலேயே பஸ்ஸில் வழக்கு நடந்தது. பால் கொண்டுவரும் நெவேனா, அந்தப் பையன் ஏமாத்திட்டான், கண்ணாடி போடாம போட்ட கையெழுத்து மாதிரிதான் அது என்றாள். ரிட்டயர்டு தபால்காரர் தோதோர், அக்கா, நான் நாப்பது வருஷம் தபால் குடுத்தவன், உறையைப் பெட்டியில போட்டாச்சுன்னா போட்டவனே வந்து கேட்டாலும் திருப்பித் தரக்கூடாது, சொன்னது சொன்னதுதான் என்றார். அப்ப உங்க வீட்டுப் பொம்பளை செத்தா நீங்க குடுங்க மன்னிப்பு என்று நெவேனா சொல்ல, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். என் முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள், ஓட்டுநருக்கு எல்லோரும் முதுகுக்குப் பின்னால்தானே.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவனுடைய லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள், விசாரணை முடியும் வரை ஓட்டக்கூடாது, தீவனக் கடையிலும் வேலை போனது. நவம்பரிலிருந்து மரமில்லில் பலகை அடுக்குகிறான். மில் ஏழு கிலோமீட்டர், அந்தப் பக்கம் போகிற பஸ் என்னுடையது ஒன்றுதான். அவன் ஏறியதே இல்லை, நடந்தே போகிறான். குளிர்காலம் முழுக்க தினமும் காலை, ஆற்றுப்பாலம் தாண்டி அவனைக் கடந்து போயிருக்கிறேன். நம் வழியில் நிறுத்தம் இல்லாத இடத்திலும் யார் கை காட்டினாலும் நிறுத்துவோம், கை காட்டாதவருக்கு நிறுத்த வேண்டியதில்லை, அதுதான் முறை. அவன் கை காட்டமாட்டான், பஸ் சத்தம் கேட்டதும் மரங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகவே என்மீது குற்றம் ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் சாலையில் உருகிய பனிச்சேறு அவன் மேல் முழுக்க அடித்தது, அவன் துடைத்துக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்தேன், பிரேக்குக்குக் கால் போகவில்லை. வேண்டுமென்று செய்தேன் என்றும் சொல்லமாட்டேன், தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் தலையில் கை வைத்தேனே, திங்கட்கிழமையும் அவனைக் கடந்து போனேன். செவ்வாயும் புதனும் போனேன். கை காட்டவில்லை, நிறுத்தவில்லை.

புதனன்று உன் கடிதம். படித்துவிட்டு, சரி, அப்பனும் மகளும் ஒரே வாரத்தில் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தேன். நீ ஆட்கள் பார்க்கிறார்கள் என்று சொன்னாய், நான் ஆளைப் பார்க்காமல் சொன்னேன். பவ்லினா சொல்வது போல அவனிடம் போய் வாபஸ் வாங்கலாம், அதற்கும் எழுந்து போக வேண்டும். சொன்னதை உண்மையாக்கலாம் என்றால் உள்ளே போய் எதைத் திருகினால் மன்னிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது, அது தெரிந்தவள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது ஒரு வண்டியை நிறுத்தவும் கிளப்பவும்தான்.

வியாழனன்று காலை பனியும் மழையும் கலந்து பெய்தது. பாலம் தாண்டி அவன் போய்க்கொண்டிருந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிறுத்தினேன். கதவைத் திறந்தேன், அவன் வழிதவறி நின்ற வண்டியைப் பார்ப்பது போலப் பார்த்தான், நான் கை காட்டலையே மாமா என்றான். தெரியும் என்றேன். அப்புறமும் நின்றான். ஏறுறியா இல்லையா, கதவைத் தொறந்து வச்சா உள்ள இருக்குற சூடெல்லாம் போகுது என்றேன். சத்தியமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வரவில்லை. ஏறினான். டிக்கெட் வாங்கினான், விரல்கள் விறைத்துப்போய் சில்லறை கீழே விழுந்தது, குனிந்து பொறுக்கினான். பிறகு எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். சோரா, அது அம்மா உட்காரும் இடம். சந்தைக்கும் கோயிலுக்கும் அவள் அங்கேதான் உட்கார்ந்து வருவாள், அக்டோபரிலிருந்து யாரும் அங்கே உட்காருவதில்லை, நான் சொல்லவில்லை, அவர்களாகவே விட்டுவிட்டார்கள், கூட்டமாக இருந்தால்கூட நின்றுகொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு அவன் இந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை, அவனுக்கு எப்படித் தெரியும். நெவேனா எழுந்திருக்கப் போனாள், தோதோர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் தெரிய வேண்டிய இடத்தில் அவன் முகம், மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு. கியர் போட்டேன். மில் வாசலில் நிறுத்தினேன். அவன் இறங்கும்போது என்னவோ சொல்ல வாய் திறந்தான், நான் கதவை மூடிவிட்டேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு வண்டியைத் திருப்பப் போனவன் திருப்பவில்லை. எஞ்சினை அணைத்தேன். அப்போது வந்தது. ஐந்து மாதமாக ஆஸ்பத்திரியில் வராதது, கல்லறையில் வராதது, பவ்லினா எவ்வளவோ குத்திப் பார்த்தும் வராதது. கத்தினேன் மகளே. தவக்காலத்தின் முதல் வாரத்தில், எழுதக் கூடாத வார்த்தைகளால், அவனைத் திட்டினேன், தீவனக் கடைக்காரனைத் திட்டினேன், கண்ணில் வெயில் அடித்தது என்று அவன் போலீசில் சொன்னானே அந்த வெயிலைத் திட்டினேன், அந்த வளைவில் ஏண்டி சாலையைக் கடந்தாய் என்று உன் அம்மாவையும் திட்டினேன். அந்த இருக்கையைக் காலால் உதைத்தேன், அதன் கைப்பிடி விட்டுப்போனது, சரிசெய்ய வேண்டும். வெறுப்பு என்றால் என்ன என்று எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு மனசு பெரியது என்று ஊரில் சிலர் நினைத்திருந்தார்கள், பெரியதும் இல்லை சிறியதும் இல்லை, மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் உள்ளே நல்லது ஏதாவது வரும் என்று நினைத்தேன் போலிருக்கிறது, வந்தது இது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன், நாலு நிமிஷம் தாமதம்.

இன்று வெள்ளி. காலையில் போகும்போதே நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நேற்றைக்கு ஒன்றும் தெரியாமல் நிறுத்தினேன், இன்றைக்கு அவனை வெறுக்கிறேன் என்று தெரியும். அவன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நடந்துகொண்டிருந்தான். கை காட்டவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். நிறுத்தினேன். நேற்றைவிடக் கஷ்டமாக இருந்தது, கால் பிரேக்கை மிதிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தேன். அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். நெவேனா திரும்பிப் பார்த்து, காலைக் கீழ வைடா, சேறு எல்லாம் சீட்டுல என்றாள். எல்லோரையும் அதட்டுவது போலத்தான் அதட்டினாள்.

இவ்வளவுதான் எனக்கு நடந்தது. நீ கேட்டதற்கு இதில் பதில் இருக்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும், வேதம் படித்தவள் நீ. திங்கட்கிழமை நிறுத்துவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். நீ உங்கள் கோயில் சாமியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, நற்கருணை தருவாரா மாட்டாரா என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அந்தக் காபிக் கதையை மட்டும் விட்டுவிடு, உன் அம்மாவுக்குப் பொய் பிடிக்காது, அதிலும் காபியைப் பற்றிய பொய். அம்மாவின் ஆறாம் மாத நினைவுக்கு விடுப்பு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் ஈஸ்டருக்கு வா, அந்த நினைவு நாளில் ஒட்டும் தாளில் எந்தப் படம் போடுவது என்று முன்கூட்டியே எழுது, பவ்லினா தொப்பி வைத்த படத்தைப் போடச் சொல்கிறாள், எனக்கு அது பிடிக்கவில்லை. கோட்டுப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும், மாதா உன் தலைக்கு மேல் நிற்கட்டும், இதை அம்மா எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில் இருந்தாலும் பலிக்கும் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்தக் கூட்டத்தில் மறுபடி யாராவது உன்னை எழுப்பிக் கேட்டால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லாதே. எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் முடியலை, எங்கப்பா பஸ்ஸை மட்டும் நிறுத்துறார் என்று சொல்.

உன் அப்பா,
மெத்தோதி